கடற்கரை மணலிலிருந்து காந்தம் வரை



பழுதாகிப்போன கணினி வன்தட்டு ஒன்றை ஒருநாள் வகுப்பில் பிரித்துக் காட்டினேன். அதன் உள்ளே விரல்நுனி அளவில் வெள்ளிபோல் மின்னும் ஒரு காந்தம் இருந்தது. அதை இரும்பு அலமாரியில் ஒட்டவைத்துவிட்டு, "யாராவது எடுங்கள், பார்க்கலாம்" என்றேன். மூன்று பேர் முயன்ற பிறகுதான் அது கைக்கு வந்தது. நம் ஆய்வுக்கூடத்துச் சட்டக் காந்தம் அதற்கு முன்னால் வெறும் பொம்மை.

"இதில் நியோடிமியம் என்ற அருமண் உலோகம் இருக்கிறது. அந்த உலோகம் நம் கன்னியாகுமரி மாவட்டத்துக் கடற்கரை மணலில் இருக்கிறது" என்று சொன்னேன். உடனே ஒரு மாணவர் எழுந்தார்: "மணல் நம்மிடம் இருக்கிறது என்றால், காந்தத்தை ஏன் சார் வெளிநாட்டிலிருந்து வாங்குகிறோம்?"

நல்ல கேள்வி. இந்தக் கட்டுரை முழுவதும் அந்த ஒரு கேள்விக்கான விடைதான். நாட்டுக்கு இன்றியமையாத கனிமங்களை நாட்டுக்குள்ளேயே உற்பத்தி செய்ய நம் அரசு ஏன் பல ஆயிரம் கோடி ரூபாய் ஒதுக்குகிறது என்பதும் அந்த விடையிலேயே அடங்கியிருக்கிறது.

கயிற்றில் ஒட்டிவந்த மணல்

1909-ஆம் ஆண்டு. அன்றைய திருவிதாங்கூரிலிருந்து ஜெர்மனிக்குத் தேங்காய்நார்க் கயிறு ஏற்றுமதியாகிக்கொண்டிருந்தது. அதில் ஒட்டியிருந்த மணலை ஷோம்பெர்க் என்ற ஜெர்மானிய வேதியியலார் ஆராய்ந்தார். மஞ்சளும் பழுப்புமான சிறு மணிகள் தென்பட்டன. அவைதாம் மோனசைட். மணல் எங்கிருந்து வந்தது என்று தேடிக்கொண்டு வந்தவர் மணவாளக்குறிச்சிக் கடற்கரையை அடைந்தார்.

அன்று மோனசைட்டுக்கு இருந்த மதிப்பு விளக்குக்காக. திருமண வீடுகளிலும் திருவிழாக்களிலும் எரிந்த பெட்ரோமாக்ஸ் விளக்கை உங்கள் தாத்தா பாட்டியிடம் கேட்டுப் பாருங்கள். அதன் 'மேண்டில்' என்ற வலைப்பையில் தோரியம் ஆக்சைடும் சிறிதளவு சீரியம் ஆக்சைடும் இருந்தன. இரண்டும் மோனசைட்டிலிருந்து கிடைப்பவை. ஆக, நம் மணல் கப்பலேறிப் போனது. விளக்குக்கு வேண்டிய பொருளாகப் பிறர் அதை மாற்றினார்கள்.

சுதந்திரத்திற்குப் பின் இந்த நிலையை மாற்ற வேண்டும் என்ற எண்ணம் வலுத்தது. 1950-இல் இந்தியன் ரேர் எர்த்ஸ் நிறுவனம் தொடங்கப்பட்டது. 1952-இல் கேரளத்தின் ஆலுவாவில் மோனசைட்டைப் பக்குவப்படுத்தும் ஆலை இயங்கத் தொடங்கியது. எனவே, உள்நாட்டுக் கனிம உற்பத்தியை அரசு ஊக்குவிப்பது புதிய செய்தியன்று. அதற்கு எழுபது வயது கடந்துவிட்டது. அப்படியானால் காந்தம் மட்டும் ஏன் வரவில்லை? மணலுக்கும் காந்தத்துக்கும் நடுவில் உள்ள படிகளை ஒவ்வொன்றாக ஏறிப் பார்ப்போம்.

முதற்படி: மணலைப் பிரித்தல்

இந்த வேலையைத் தொடங்கிவைப்பது கடலே. மலைப்பாறைகள் சிதைந்து, ஆறுகள் வழியே கடலைச் சேர்கின்றன. அலை வரும்போது எல்லா மணலையும் கரையில் ஏற்றுகிறது. திரும்பும்போது இலேசான மணலை மட்டும் இழுத்துச் செல்கிறது. நம் வீட்டில் அம்மா முறத்தில் புடைக்கும்போது பதர் பறந்து நெல் தங்குவதில்லையா? அதுபோலத்தான். சாதாரண மணலாகிய குவார்ட்சின் அடர்த்தி நீரைப்போல் 2.65 மடங்கு. மோனசைட்டின் அடர்த்தி ஏறத்தாழ 5 மடங்கு. ஆகவே கனமான மணிகள் கரையில் தங்கிக் கறுப்புப் பட்டைகளாகப் படிகின்றன.

அந்தக் கறுப்பு மணலில் இல்மனைட், ரூட்டைல், சிர்க்கான், கார்னெட், சில்லிமனைட், மோனசைட் ஆகியவை கலந்து கிடக்கின்றன. கலவையில் மோனசைட்டின் பங்கு மிகச் சிறியது. இவற்றைப் பிரிக்க ஆலையில் பயன்படுவது நீங்கள் பள்ளியில் படிக்கும் இயற்பியலே.

முதலில், சுருள் வடிவச் சரிவுகளில் நீரோடு மணலை ஓடவிட்டு, அடர்த்தியைக்கொண்டு கனமானதைப் பிரிக்கிறார்கள். அடுத்து, காய்ந்த மணலை மின்னேற்றம் செய்து, புவியோடு இணைக்கப்பட்ட ஓர் உருளையின் மேல் கொட்டுகிறார்கள். மின்கடத்திகளான இல்மனைட்டும் ரூட்டைலும் தம் மின்னூட்டத்தை உருளையிடம் உடனே இழந்துவிட்டு எட்டப்போய் விழுகின்றன. மின்கடத்தாத மோனசைட்டும் சிர்க்கானும் உருளையில் ஒட்டிக்கொண்டு சுற்றிவந்து பின்பக்கம் விழுகின்றன. கடைசியாக வருவது காந்தம். மோனசைட்டைக் காந்தம் சிறிதளவு ஈர்க்கும், சிர்க்கானை ஈர்க்காது. ஆக, 'கனமானது, மின்கடத்தாதது, காந்தத்தால் சிறிது ஈர்க்கப்படுவது' என்ற மூன்று அடையாளங்களைக்கொண்டு மோனசைட்டைக் கூட்டத்திலிருந்து பிடித்துவிடலாம்.

இந்தப் படியில் நாம் பல்லாண்டு அனுபவம் உள்ளவர்கள். மணவாளக்குறிச்சியிலும், கேரளத்தின் சவறாவிலும், ஒடிசாவின் சத்ரபூர் அருகிலும் இவ்வேலை நடைபெறுகிறது.

இரண்டாம் படி: தோரியம் என்ற துணை

மோனசைட் ஒரு பாஸ்பேட். அதனுள் சீரியம், லாந்தனம், நியோடிமியம், பிரசியோடிமியம் முதலிய அருமண் தனிமங்கள் ஒன்றாகக் குடியிருக்கின்றன. கூடவே தோரியமும் இருக்கிறது. மோனசைட்டை எரிசோடாவில் கொதிக்கவைத்தால் பாஸ்பேட் பிரிந்து கரைசலில் போய்விடும். எஞ்சியதை ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் பக்குவமாகக் கரைத்தால் அருமண் குளோரைடுகள் ஒரு பக்கமும் தோரியம் மறுபக்கமும் ஒதுங்கும்.

இங்கே ஒரு தோராயக் கணக்குப் போடுவோம். 100 கிலோ மோனசைட்டில் சுமார் 55 கிலோ அருமண் ஆக்சைடுகள் இருக்கும். அதில் நியோடிமியம் ஆக்சைடின் பங்கு சுமார் 10 கிலோ. அதிலிருந்து கிடைக்கும் உலோகம் சுமார் 8 கிலோ. நியோடிமியக் காந்தத்தின் எடையில் ஏறத்தாழ 30 விழுக்காடு நியோடிமியம். ஆகவே 8 கிலோவிலிருந்து சுமார் 25 கிலோ காந்தம் செய்யலாம். ஒரு மின்சாரக் காரின் மோட்டாருக்கு ஒன்றிரண்டு கிலோ காந்தம் தேவை என்றால், 100 கிலோ மோனசைட் பதினைந்து கார்களுக்குப் போதும்!

ஆனால் கணக்கை இத்தோடு நிறுத்தக் கூடாது. அதே 100 கிலோவில் தோரியம் ஆக்சைடும் 8 அல்லது 9 கிலோ இருக்கிறது. அதாவது, நமக்கு வேண்டிய நியோடிமியம் ஆக்சைடு எவ்வளவோ, கிட்டத்தட்ட அவ்வளவு கதிரியக்கப் பொருளும் கூடவே வருகிறது. தோரியத்தின் அரை ஆயுள் 1,400 கோடி ஆண்டு. நாளை அணுமின் நிலையங்களில் எரிபொருள் ஆகக்கூடிய அந்தப் பொருளை இன்று பத்திரமாகச் சேமித்துவைத்தே ஆக வேண்டும். மோனசைட்டை 'அணுக் கனிமம்' என்று சட்டம் வகைப்படுத்தியிருப்பதற்கும், கடற்கரைக் கனிம மணலை எடுக்கும் உரிமை 2019-இல் அரசு நிறுவனங்களுக்கு மட்டுமே என்று ஆக்கப்பட்டதற்கும் காரணம் இதுவே.

மூன்றாம் படி: இரட்டையரைப் பிரித்தல்

அருமண் தனிமங்கள் என்ற பெயரைக் கேட்டு அவை அரியவை என்று எண்ணிவிடாதீர்கள். பூமியின் மேலோட்டில் ஈயத்தைவிடச் சீரியம் அதிகம். அரியது அவற்றைப் பிரிக்கும் கலைதான்.

தனிம அட்டவணையில் நியோடிமியமும் பிரசியோடிமியமும் அடுத்தடுத்த வீடுகள். வெளிக்கூட்டு எலெக்ட்ரான்கள் இரண்டுக்கும் ஒரே மாதிரி அமைந்திருப்பதால் வேதியியல் குணங்களும் கிட்டத்தட்ட ஒன்றே. அயனியின் ஆரத்தில் மட்டும் இம்மியளவு வேறுபாடு. இந்த இம்மியைப் பிடித்துக்கொண்டுதான் பிரிக்க வேண்டும்.

எண்ணெய்போன்ற ஒரு கரைப்பானையும் அமிலக் கரைசலையும் ஒன்றாகக் கலக்கி, பிறகு அடங்கவிடுகிறார்கள். ஒரு தனிமம் மற்றதைவிடச் சற்றே கூடுதலாக எண்ணெய்ப் பகுதிக்குப் போகும். எவ்வளவு கூடுதல்? ஒரு முறை கலக்கினால் இரண்டுக்கும் உள்ள விகிதம் ஒன்றரை மடங்கு மாறுவதாக வைத்துக்கொள்வோம். சமமாக இருந்த கலவை ஒரு தடவைக்குப் பின் 1.5-க்கு 1, ஐந்து தடவைக்குப் பின் சுமார் 7.6-க்கு 1, பத்துத் தடவைக்குப் பின் 58-க்கு 1, இருபது தடவைக்குப் பின் 3,300-க்கு 1. இதைத் தாளில் நீங்களே பெருக்கிப் பாருங்கள். உண்மையான ஆலையில் இழப்புகளையும் பல தனிமங்களையும் கணக்கில் கொள்ள வேண்டியிருப்பதால், வரிசையாக நூற்றுக்கணக்கான தொட்டிகள் தேவைப்படும். எங்காவது ஒரு தொட்டியில் அமிலத்தின் அளவு பிசகினால் வரிசை முழுவதும் கெடும். அனுபவமும் பொறுமையும் இல்லாமல் இக்கலை வசப்படாது.

நான்காம் படி: உலோகமும் காந்தமும்

ஆக்சைடு கைக்கு வந்ததும் வேலை முடிவதில்லை. அதை உருகிய உப்பில் மின்னாற்பகுத்து உலோகமாக்க வேண்டும். உலோகத்தை இரும்பு, போரான் ஆகியவற்றோடு உருக்கி, மைக்ரான் அளவில் பொடித்து, பொடியைக் காந்தப் புலத்தில் வைத்து எல்லா மணிகளையும் ஒரே திசையில் நிற்கச் செய்து, அப்படியே அழுத்தி, ஆயிரம் டிகிரி செல்சியசுக்கு மேல் சூடேற்றி இறுக்க வேண்டும். இந்தப் பொடி காற்றுப் பட்டால் தீப்பற்றும். எனவே ஆக்சிஜன் இல்லாத சூழலில் இவ்வளவும் நடக்க வேண்டும். 1980-களின் தொடக்கத்தில் ஜப்பானின் மசாட்டோ சகாவாவும் அமெரிக்காவின் ஜான் குரோட்டும் தனித்தனியே இக்காந்தத்தைக் கண்டுபிடித்தார்கள்.

இன்னொரு சிக்கலும் உண்டு. ஓடும் மோட்டார் சூடாகும். சூட்டில் இக்காந்தம் தன் பிடியைத் தளர்த்தும். அதைத் தடுக்கச் சிறிது டிஸ்புரோசியமோ டெர்பியமோ சேர்க்கிறார்கள். இவை எடைமிகு அருமண் தனிமங்கள். நம் மோனசைட்டில் இவை மிக மிகக் குறைவு. எனவே, நம்மிடம் எல்லாமே இருக்கிறது என்று சொல்லிக்கொள்ளவும் முடியாது.

இப்போது மாணவரின் கேள்விக்கு விடை தெரிகிறதல்லவா? இந்தியாவில் சுமார் 131 இலட்சம் டன் மோனசைட் இருப்பதாக மதிப்பிட்டிருக்கிறார்கள். முதற்படியில் நாம் உறுதியாக நிற்கிறோம். இரண்டாம், மூன்றாம் படிகளில் ஏறியும் இறங்கியும் வந்திருக்கிறோம். நான்காம் படியில் இப்போதுதான் கால் வைக்கிறோம். மண்ணில் இருப்பது வேறு. கையில் கிடைப்பது வேறு.

அரசு ஏன் நடுவே வர வேண்டும்?

"இலாபம் இருந்தால் தொழிலதிபர்களே செய்வார்களே?" என்று நீங்கள் கேட்கலாம். இங்கேதான் விலை குறுக்கே நிற்கிறது. 1980-களிலிருந்து சீனா நான்கு படிகளையும் ஒருசேரக் கட்டியெழுப்பியது. மலிவாக விற்றது. அந்த விலையோடு போட்டியிட முடியாமல் அமெரிக்காவின் மவுன்டன் பாஸ் சுரங்கம் 2002-இல் உற்பத்தியை நிறுத்தியது. நம் ஆலுவா ஆலையும் மோனசைட் வேலையை நிறுத்த நேர்ந்தது. இன்று உலகில் அருமண் தாதுவில் சுமார் 60 விழுக்காடும், பிரித்தெடுத்த பொருளிலும் காந்தத்திலும் சுமார் 90 விழுக்காடும் சீனாவிலிருந்தே வருகின்றன.

2025 ஏப்ரலில் சமாரியம், டெர்பியம், டிஸ்புரோசியம் முதலிய 7 அருமண் தனிமங்களையும் அவற்றால் ஆன காந்தங்களையும் ஏற்றுமதி செய்யச் சீனா உரிம முறையைக் கொண்டுவந்தது. பல நாடுகளில் மோட்டார் தொழிற்சாலைகள் தடுமாறின. காரின் எடையோடு ஒப்பிட்டால் காந்தம் ஒரு பொருட்டே அல்ல. ஆனால் அது இல்லாமல் வண்டி வெளியே வராது. சாம்பாரில் உப்பு எவ்வளவு? ஆனால் உப்பில்லாத சாம்பாரை இலையில் வைக்க முடியுமா? 'இன்றியமையாக் கனிமம்' என்பதன் பொருளும் இதுவே: அளவு சிறிது, மாற்று இல்லை, கிடைக்குமிடம் ஒன்றிரண்டு.

என்னென்ன முயற்சிகள்?

2023-இல் மத்திய அரசு 30 கனிமங்களை இவ்வகையில் பட்டியலிட்டது. லித்தியம், கோபால்ட், நிக்கல், கிராஃபைட், அருமண் தனிமங்கள் ஆகியவை அதில் அடங்கும். அதே ஆண்டில் சுரங்கச் சட்டம் திருத்தப்பட்டது. லித்தியம் உட்பட 6 கனிமங்கள் அணுக் கனிமப் பட்டியலிலிருந்து விடுவிக்கப்பட்டுத் தனியாருக்கும் வழி திறக்கப்பட்டது. 24 கனிமங்களுக்கான ஏலத்தை மத்திய அரசே நடத்தும் என்று ஆயிற்று.

2025 ஜனவரியில் தேசிய இன்றியமையாக் கனிம இயக்கத்துக்கு அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. அரசின் செலவு 16,300 கோடி ரூபாய். பொதுத்துறை நிறுவனங்கள் 18,000 கோடி முதலிடும் என்று எதிர்பார்க்கப்பட்டது. கனிமம் தேடுதல், எடுத்தல், பக்குவப்படுத்துதல், பழைய பொருள்களிலிருந்து மீட்டெடுத்தல் என எல்லாப் படிகளையும் இத்திட்டம் தொடுகிறது. மறுசுழற்சிக்கென்றே 1,500 கோடி ரூபாய் ஊக்கத்தொகை 2025 செப்டம்பரில் அறிவிக்கப்பட்டது.

நம் கதைக்கு மிக நெருக்கமானது 2025 நவம்பர் முடிவு. நியோடிமிய வகைக் காந்தங்களை ஆண்டுக்கு 6,000 டன் அளவில் உள்நாட்டிலேயே செய்ய 7,280 கோடி ரூபாய்த் திட்டம் ஏற்கப்பட்டது. ஆலை கட்ட மானியமும், விற்பனைக்கேற்ற ஊக்கத்தொகையும் இதில் உண்டு. இதற்கு முன் 2023-இல் விசாகப்பட்டினத்தில் நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்ட சமாரியம்-கோபால்ட் காந்த ஆலையின் திறன் ஆண்டுக்கு 3,000 கிலோ. மூவாயிரம் கிலோ எங்கே, ஆறாயிரம் டன் எங்கே! இரண்டாயிரம் மடங்கு. தாண்ட வேண்டிய தூரம் இதிலிருந்து புரியும்.

பணம் ஒதுக்கிவிட்டால் எல்லாம் நடந்துவிடும் என்றும் எண்ண வேண்டாம். ஜம்மு-காஷ்மீரின் ரியாசி மாவட்டத்தில் 59 இலட்சம் டன் லித்தியத் தாது இருக்கலாம் என்று 2023-இல் அறிவித்தபோது நாடே மகிழ்ந்தது. ஆனால் அது முதற்கட்ட மதிப்பீடு. அதை ஏலத்துக்கு விட்டபோது போதிய நிறுவனங்கள் முன்வரவில்லை. எடுக்க முடியுமா, எடுத்தால் கட்டுபடியாகுமா என்று தெரியாத இடத்தில் யார் பணம் போடுவார்? ஆகவே முதலில் செய்ய வேண்டியது பொறுமையான நில ஆய்வு.

கடற்கரை கேட்கும் கேள்வி

அன்று வகுப்பு முடிந்து நான் வெளியே வந்தபோது, கடலோரச் சிற்றூரிலிருந்து படிக்க வரும் ஒரு மாணவி தயங்கித் தயங்கி வந்து கேட்டார்: "சார், மணலை எடுத்துவிட்டால் எங்கள் கரை என்ன ஆகும்?"

முதல் கேள்வியைவிட இது கடினமானது. கடற்கரை மணல் வெறும் தாதுக் குவியலன்று. அலைக்கு அணையும் அதுவே, படகு இழுத்து நிறுத்தும் இடமும் அதுவே. மோனசைட் உள்ள கரைகளில் இயற்கைக் கதிரியக்கமே வேறிடங்களைவிட அதிகம். முறைகேடான மணல் அள்ளுதல் பற்றிய புகார்களால் 2013-இல் தமிழ்நாடு அரசு தனியார் தாதுமணல் எடுப்பைத் தடைசெய்தது. கிள்ளியூர் வட்டத்தில் அரசு நிறுவனம் புதிதாக மணல் எடுக்கும் திட்டத்துக்கும் 2024-இல் கடலோர மக்கள் எதிர்ப்புத் தெரிவித்தார்கள். 2025 செப்டம்பரில் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம், அணுக் கனிமங்களையும் இன்றியமையாக் கனிமங்களையும் எடுக்கும் சுரங்கங்களுக்குப் பொதுமக்கள் கருத்துக் கேட்பிலிருந்து விலக்கு அளித்தது. வேலை விரைவாக நடக்க வேண்டும் என்பது ஒரு நியாயம். தம் வாசலில் நடப்பதைக் கேட்கவும் சொல்லவும் இடம் வேண்டும் என்பது மக்களின் நியாயம்.

இயற்பியல் ஆசிரியனான எனக்கு ஒன்று தெரியும். கதிரியக்கத்தை அளக்கலாம், கரை எத்தனை மீட்டர் அரிக்கப்பட்டது என்பதை அளக்கலாம், அள்ளிய குழியை நிரப்பினார்களா என்பதைப் பார்க்கலாம். அளந்ததை எல்லாரும் படிக்கும்படி எழுதியும் வைக்கலாம். அப்படிச் செய்தால் அந்த மாணவியின் கேள்விக்கு எண்களில் விடை கிடைக்கும். செய்யாவிட்டால் ஒரு பக்கம் அச்சமும் மறுபக்கம் வாக்குறுதியுமே மிஞ்சும். "நீங்கள் படித்து முடித்து, அளக்கும் கருவியோடு உங்கள் ஊருக்குப் போங்கள்" என்று அவரிடம் சொன்னேன். "அதற்குள் மணல் இருக்குமா, சார்?" என்றார். நான் பேசாமல் நின்றேன்.

செய்து பாருங்கள்

பழைய ஒலிபெருக்கியிலிருந்து எடுத்த காந்தத்தை ஒரு பிளாஸ்டிக் பையில் சுற்றுங்கள். காய்ந்த ஆற்று மணலிலோ கடற்கரை மணலிலோ மெதுவாக இழுங்கள். பையில் ஒட்டும் கறுப்பு மணிகளை வெள்ளைத் தாளில் தட்டி, உருப்பெருக்கும் கண்ணாடியால் பாருங்கள். பிறகு பிளாஸ்டிக் சீப்பை உலர்ந்த தலைமுடியில் தேய்த்து, மீதி மணலுக்கு அருகில் கொண்டுபோங்கள். எந்த மணிகள் ஒட்டிக்கொண்டே இருக்கின்றன, எவை ஒட்டி உடனே துள்ளி விழுகின்றன என்று குறித்துக்கொள்ளுங்கள்.

சிந்தியுங்கள்

1. ரூட்டைல் மின்கடத்தும், காந்தம் அதை ஈர்க்காது. இல்மனைட் மின்கடத்தும், காந்தம் ஈர்க்கும். இரண்டையும் எந்தக் கருவியால் பிரிப்பீர்கள்?

2. ஒருமுறை கலக்கும்போது விகிதம் 1.5 மடங்குக்குப் பதில் 2 மடங்கு மாறினால், 1,000-க்கு 1 என்ற தூய்மைக்கு எத்தனை தடவை கலக்க வேண்டும்?

3. உங்கள் வீட்டில் பழுதாகிக் கிடக்கும் பொருள்களில் எவற்றுக்குள் நியோடிமியக் காந்தம் இருக்கலாம்? அவற்றைக் குப்பையில் போடாமல் சேர்த்துக்கொடுத்தால், எந்தெந்தப் படிகளை நாம் ஏறாமலே தாண்டிவிடலாம்?